வாளியை நகர்த்துவது

நாற்பத்தோராம் நாள் காலை
டோங்காட்டில் தண்ணீர் லாரி வரவில்லை.
கருத்துகள் வந்துவிட்டன.

வரி கட்டக் கூடாது, ஒரு ராண்ட் கூட
என்றார் சாக்ரன் நாயக்கர்.
கட்டாவிட்டால் கரண்டையும் வெட்டுவான்,
அப்புறம் இருட்டில் தாகத்தோடு உட்கார்ந்திரு
என்றாள் கோகி படையாச்சி.
சர்ச்சில் பியானோ வாசிக்கிற பெர்சி மூட்லி
கடவுள் பக்கம் கொஞ்சம் பேசிப் பார்த்தார்.
கடவுளுக்கு மோட்டார் ரிப்பேர் தெரியுமா
என்று பின்னாலிருந்து யாரோ கேட்க
வரிசையே சிரித்தது,
அவரும்தான்.

நான் வாய் திறக்காதவள்.
மருந்துக்கடையில் பதினெட்டு வருஷம்
ஊரின் இருமலைக் கேட்டே பழகியவள்.
ஐம்பதாம் நாளுக்குள்
எனக்கும் அபிப்பிராயம் முளைத்திருந்தது,
ஈரமே இல்லாமல்.

அன்றுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
தகரக் குடிசைக்காரர்கள் வந்து நின்றார்கள்.
வெள்ளம் அவர்கள் குழாயோடு
குழாய் இருந்த இடத்தையும் கொண்டுபோயிருந்தது.
முன்னால் நின்றவள் பெயர் நொம்வூலா.
மழையோடு வந்தவள் என்று அர்த்தம் சொல்லி
காலி டிரம்மைத் தட்டிக் காட்டினாள்.
அவள் மட்டும் சிரித்தாள்.

இது நம்ம தெரு லாரி, என்றார் சாக்ரன்.
தெரு என்ன உங்க அப்பன் போட்டதா
என்றது ஒரு குரல்.
யாரென்று திரும்பிப் பார்த்தேன்.
நான்தான்.

ஆங்கிலத்தில் தொடங்கித்
தமிழில் சூடேறியது சண்டை.
(வசவுகளை மட்டும் நாங்கள்
இன்னும் தமிழில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.)
அவர் கரும்புத் தோட்டத்துக் கதையை எடுத்தார்.
நானும் அதையே எடுத்தேன்.
அதே தோட்டம், அதே சவுக்கு,
வேறு நீதி.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன்:
லாரி எப்போதோ வந்துவிட்டது.
சண்டை மும்முரத்தில்
வரிசையை விட்டு வெளியே நிற்கிறேன்.
என் நீல வாளி
நானில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.
என்னைத் திட்டத் திட்டவே
சாக்ரன் அதைச் செருப்புக் காலால்
அடி அடியாய்த் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் கருத்து மாறவில்லை.
மறுநாளும் அதையே சொன்னார்.
நானும் அதே அப்பனைப் பற்றிக் கேட்டேன்.
அவருடைய பிரஷர் மாத்திரை
எந்தத் தேதியில் தீரும் என்று எனக்குத் தெரியும்.
கையில் கொடுத்துவிட்டு
விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்.
பெர்சியின் மனைவிக்கு டயாலிசிஸ் என்று தெரிந்த நாளிலிருந்து
அவர் கேன்தான் முதலில் நிறைந்தது.
அதைப் பற்றி மட்டும்
யாருக்கும் கருத்தில்லை.

இருநூற்றுச் சொச்சமாவது நாள், நடுராத்திரி,
குழாய் இருமியது.
இத்தனை வருஷம் கேட்டதில்
இப்படியொரு இருமல் இல்லை.
பழுப்பாய்க் கக்கி, பிறகு தெளிந்தது.
எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பினேன்.
குளித்தேன். திரும்பவும் குளித்தேன்.

ஆனாலும் ஐந்தரைக்கு விழித்து
வாளியோடு தெருமுனைக்குப் போனேன்.
சாக்ரன் நின்றிருந்தார்.
எங்க வீட்ல இன்னும் வரல, என்றார்.
சட்டையில் சோப்பு மணம், காதோரம் ஈரம்.
எங்க வீட்லயும்தான், என்றேன்.
வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.

அப்போது பாலத்தின் மேல்
டிரம்மை உருட்டிக்கொண்டு நொம்வூலா.
லாரி இனி வராதென்று
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் பொய் அதுவரை அழகாக இருந்தது.

சாக்ரன் காதைச் சொறிந்தார்.
மில் புகையைப் பார்த்தார்.
பிறகு என் மேல் பாய்ந்தார்:
பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்க,
நேத்து வரைக்கும் வாய் இருந்துச்சே உனக்கு?
எழுந்துபோய் அந்த டிரம்மைக்
காலால் தள்ளத் தொடங்கினார்,
தன் வீட்டு கேட்டை நோக்கி,
இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும் என்று
முனகிக்கொண்டே.

வரி கட்டணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க
என்று கேட்டபடி
நான் பின்னால் போனேன்.